துலாவில் நடப்பவனை யாரும் எங்கே என்று கேட்பதில்லை

என் மகனுக்கு,

இந்த எழுத்தைப் பார்த்து இது ஆருடைய கை என்று நீ திகைத்திருப்பாய். என் கைதான். இதுவரை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதினாள். நான் உன்னை ஏசத் தொடங்கினால் அவள் பேனையைக் கீழே வைத்துவிடுவாள். "அப்பு, உதை எழுதினால் அண்ணை அங்கை தனியக் கிடந்து அழுவார். வேறை ஏதும் சொல்லுங்கோ" என்பாள். நான் வேறு ஏதும் யோசிப்பதற்குள், இங்கு யாவரும் சுகம், சிவப்பி கன்று போட்டது என்று தானே எழுதி ஒட்டிவிடுவாள். இப்படிப் பல வருடமாக நான் அனுப்பிய ஏச்சு ஒன்றுகூட உன்னிடம் வந்து சேரவில்லை. அப்பு எவ்வளவு சாந்தமான மனிதராகிவிட்டார் என்று நீ மலாயாவில் இருந்து நினைத்திருப்பாய். அதைப் பொறுக்க முடியாமல்தான் இந்த வயதில் அவளிடமே எழுத்துப் படித்தேன். மெதுவாகத்தான் வருகிறது. நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உன் அம்மா ஒரு தேங்காயைத் துருவி முடித்துவிடுகிறாள். ஆனால் என்ன சந்தோசம் தெரியுமா! நான் நினைத்தது நினைத்தபடி காகிதத்தில் போய் இருக்கிறது. இடையில் நின்று அதை நல்ல பிள்ளையாக்க ஒருவரும் இல்லை. உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் ஊரில் தகப்பன்மார் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் உன்னைப் போலக் கப்பலுக்குக் கப்பல் கட்டளை அனுப்புகிறவர்கள்தானே.

விசயத்துக்கு வருகிறேன். அப்புவுக்கு வயது போய்விட்டது, நோய் வருத்தமும் வந்துவிட்டது, ஆகையால் இந்தப் புகையிலையை வெட்டியவுடன் தோட்டத்தையும் கிணற்றில் எங்கள் பங்கையும் கந்தையருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருக்கவும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எனக்கு எழுதியது போதாது என்று அந்த மனிதருக்கும் தனியாக எழுதியிருக்கிறாய். பக்கத்துத் தோட்டக்காரர், ஒரே கிணற்றில் எங்களோடு பங்காளி, நல்ல மனிதர். செத்த வீட்டுக்கு வருகிறவர் போல வாசல் படலையடியில் வந்து நின்றார். "அண்ணை, தம்பி உப்பிடி எழுதியிருக்கிறான். நான் கேக்கேல்லை. அவனாய்த்தான் எழுதினவன்" என்றார். "நீ கேட்டாலும் தரமாட்டன். உள்ளுக்கை வா" என்றேன். அவர் வந்திருந்து என் முகத்தைப் பார்க்காமல் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தோட்டத்தை எனக்கு மறுமொழி சொல்ல இடம் வைக்காமல் நீ கொடுக்கப் பார்த்தாய். கொடுப்பதா, இல்லையா என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன், அந்த வருத்தம் எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்க வேண்டும். உனக்கு அது வயதால் வந்தது என்று எண்ணம். வயது பாவம், அதன் மேல் பழி போடாதே.

நீ கப்பல் ஏறும் வரைக்கும் நான் துலா மிதித்தவன். உன்னோடு பட்டணத்துப் பிள்ளை எவனும் இருந்தால் அவனுக்கு விளங்கச் சொல்லு. கிணற்றடியில் உயரமாக ஆடுகால் நட்டு, அதன் மேல் நீளமான மரம் ஒன்றைக் குறுக்கே போட்டிருக்கும். அதுதான் துலா. கிணற்றுப் பக்க நுனியில் பனையோலைப் பட்டை தொங்கும். மரத்தின் மேல் இரண்டு பேர் ஏறி, கிணற்றை நோக்கி நடந்தால் பட்டை தண்ணீருக்குள் இறங்கும், திரும்பி நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே நிற்கிறவன் அதை வாய்க்காலில் ஊற்றுவான். விடியத் தொடங்கினால் வெயில் சுடும் வரை அந்த மரத்தில் நடைதான். அந்த நடை நடந்தவனுக்குத் தொந்தியும் வண்டியும் எங்கே வைக்கும்? என் வயிறு அந்த நாளில் முதுகோடு ஒட்டிக் கிடந்ததை நீ கண்டிருக்கிறாய்.

உனக்குக் கந்தோரில் எழுத்து வேலை கிடைத்து முதல் காசு வந்ததோ இல்லையோ, ஊர் என்னைத் துலாவிலிருந்து இறக்கிவிட்டது. இதே கந்தையர்தான் கீழே நின்று, "என்ன அண்ணை, மேன் மலாயாவிலை கதிரையிலை இருந்து எழுதுறான், தேப்பன் இஞ்சை மரத்திலை ஏறி நடக்கிறதோ? எங்களுக்கெல்லோ வெக்கமாயிருக்கு" என்றார். நீயும் எழுதினாய், கூலிக்கு ஆளைப் பிடிக்கவும், சாய்மனைக் கதிரை ஒன்று வாங்கவும் என்று. வாங்கினேன். இருந்தேன். இருக்கிறவனுக்குச் சாப்பாடு வேண்டும். நாங்கள் குரக்கன் பிட்டும் சாமைச் சோறும் ஒடியல் கூழும் குடித்து வளர்ந்த ஆட்கள். நல்ல நாள் பெருநாளில்தான் வெள்ளைச் சோறு. காசு வரத் தொடங்கியதும் உன் அம்மா எல்லா நாளையும் நல்ல நாளாக்கிவிட்டாள். பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தவனுக்கு தகரத்தில் வருகிற ரின்பாலும் ஊற்றிச் சீனியும் போட்டுத் தந்தார்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கும். நீ அனுப்பிய விசுக்கோத்துப் பெட்டி கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்தது, எழும்பி நடக்க வேண்டாம் என்று. இப்போது நினைக்க எனக்குக் கோபம் வருகிறது. ஆர் மேல் கோபப்படுவது? எல்லாரும் மரியாதைதான் செய்தார்கள்.

பிறகு நாவரட்சி வந்தது. உள்ளங்கால் எரிந்தது. காலில் முள்ளுக் குத்திய புண் ஆற மறுத்தது. குளிக்க இரண்டு வாளி அள்ளினால் கிணற்றுக் கட்டில் இருந்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வேட்டி கட்ட இடுப்பைத் தேடினேன். உன் தங்கை என்னைப் பிடித்து ஆசுப்பத்திரி அப்போதிக்கரியிடம் கொண்டு போனாள். அவர் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்குச் சீனி வருத்தம். உந்தப் புண்ணைக் கவனிக்காட்டில் காலுக்கே ஆபத்து. சோத்தைக் குறைச்சுக் குரக்கனைச் சாப்பிடுங்கோ, சீனியை விடுங்கோ, ஒவ்வொரு நாளும் நல்லாய் நடவுங்கோ" என்றார். "எங்கை நடக்கிறது?" என்று கேட்டேன். "எங்கையெண்டாலும் நடவுங்கோ" என்றார். அவர் கொழும்புப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் எங்கேயென்றாலும் நடக்க முடியாது என்று அவருக்குத் தெரியாது.

உனக்கும் மறந்திருக்கும். மலாயாவில் சாயந்தரத்தில் ஆட்கள் காற்று வாங்க நடப்பார்களாம், நீ எழுதியிருந்தாய். இங்கே ஒருவன் ஒழுங்கையில் கால் வைத்தால் ஏதோ ஒரு அலுவலுக்குப் போக வேண்டும். முதல் நாள் புண்ணுக்குச் சீலை சுற்றிக்கொண்டு இறங்கினேன். முதல் வேலியிலேயே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "எங்கை அண்ணை?" "சும்மா நடக்கிறன்." "சும்மாவோ! சொல்ல விருப்பமில்லாட்டில் விடுங்கோவன்." அடுத்த வேலி. "எங்கை மாமா? ஆருக்கும் வருத்தம் கடுமையோ?" ஒருவருக்கும் கடுமையில்லை, நான் நடக்கிறேன் என்றால், ஏதோ மறைக்கிறேன் என்று அர்த்தம். தேகப்பயிற்சிக்கென்று நீ படத்தோடு அனுப்பிய கடதாசியில் உள்ளபடி வீட்டு முற்றத்திலேயே கையை உயர்த்திக் காலை அகட்டிப் பார்த்தேன். வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி உன் அம்மாவிடம் வந்து, "மச்சாள், அவருக்குத் திருநீறு போடுவிச்சியளோ?" என்று மெல்லக் கேட்டாளாம். அதோடு அதை விட்டேன். சரி, அலுவல் ஒன்று காட்டுவோம் என்று அடுத்த நாள் கையில் கயிற்றை எடுத்துக்கொண்டு, மாடு தேடுகிறேன் என்று சொன்னேன். பாவிகள், அவர்களும் சேர்ந்து தேடினார்கள். நான் வட்டுக்கோட்டை வயல் வரைக்கும் போய்த் திரும்பி வர, ஆரோ ஒருவருடைய மாட்டைப் பிடித்து வந்து எங்கள் முற்றத்தில் கட்டிவிட்டிருந்தார்கள். உன் அம்மா அதற்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு, "இது ஆற்றை மாடு? எங்கடை மாடு கட்டையிலையெல்லோ நிக்குது" என்று என்னைப் பார்த்தாள். சொந்தக்காரன் சத்தம் போட்டுக்கொண்டு வந்து அதை அவிழ்த்துப் போனான்.

வீட்டிலோ இன்னொரு கூத்து. குரக்கன் சாப்பிட வேண்டும் என்று அப்போதிக்கரி சொன்னதும் உன் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மலாயாக் காசு வருகிற வீட்டில் குரக்கனோ என்று ஆட்கள் கேட்பார்களாம். அதனால் எனக்குக் குரக்கன் பிட்டையும் பாகற்காயையும் உள்ளே ஒளித்து அவித்துத் தந்துவிட்டு, வருகிறவர்கள் பார்க்க வெளி அடுப்பில் வெள்ளைச் சோறு பொங்கி வைத்தாள். பொங்கிய சோற்றை வீணாக்கலாமோ? அவளே இருந்து சாப்பிட்டாள். இப்போது அவளுக்குச் சட்டை இறுக்கம். நான் இதைச் சொன்னால், "எனக்கொரு வருத்தமுமில்லை, உங்கடை அலுவலைப் பாருங்கோ" என்கிறாள். அவளையும் நீ ஏசி எழுது. என் ஏச்சு அவள் காதில் ஏறுவதில்லை.

ஊரை விட்டுத் தள்ளி நடந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று பண்டத்தரிப்பு வீதியால் நடக்கத் தொடங்கினேன். அங்கேதான் நான் உன்னைக் கலியாணம் செய்து கொடுக்கப் பார்த்தேன். பதறாதே, முழுதையும் வாசி. மலாயாவில் கலியாணம் செய்யாத மகனை வைத்திருக்கிறவன் நாள் தவறாமல் அயல் ஊருக்குப் போய் வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்று எனக்குப் புத்தியில் ஓடவில்லை. எங்கள் புகையிலையை வாங்குகிற வியாபாரியார் வீடு அந்த வீதியில் இருக்கிறது. ஒரு நாள் அவர் படலையில் நின்று, "வெயிலுக்கை எங்கை? வாருங்கோ, இருந்து களைப்பாறிப் போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். பல நாளாகக் குரக்கனும் பாகற்காயும் தின்று வயிறு ஏங்கிக் கிடந்த நேரம். ஒரு தட்டில் பயத்தம்பணியாரம் கொண்டு வந்து வைத்தார்கள். அந்த மணம்! ஒன்றை எடுத்தேன். தட்டைப் பார்த்தேன். இன்னும் ஒன்றை எடுத்தேன். வியாபாரியாரின் மனைவி கதவு நிலையில் நின்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை ஓடி மறைந்தது. எனக்கு அப்போதுதான் பணியாரம் தொண்டையில் நின்றது. கலியாண வயதில் பெண் இருக்கிற வீட்டில், பேச்சு முற்றாகும் வரைக்கும் மாப்பிள்ளையின் தகப்பன் கை நனைப்பானா? நனைத்தால் சம்மதம் என்றல்லவா கணக்கு! நான் அங்கே கை மாத்திரமா நனைத்தேன்? தட்டையே துடைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலமை வாழைக்குலையும் சாதகமுமாக வந்து இறங்கிவிட்டார்கள். உன் அம்மா அவர்களை இருத்திவிட்டு என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். "நேற்று வந்து பிட்டு வேண்டாம், வயிறு நிறைஞ்சிருக்கெண்டு சொல்லேக்கையே நினைச்சன்! எங்கை போய்த் திண்டனியள்?" நான் சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய், ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "குறை நினையாதேங்கோ. அவர் சம்பந்தத்துக்குச் சாப்பிடேல்லை, பசிக்குச் சாப்பிட்டவர். அவருக்குச் சீனி வருத்தம். வீட்டிலை நான் ஒண்டும் குடுக்கிறேல்லை." வியாபாரியார் சாதகத்தைக் கையில் எடுத்தார். பிறகு, "சீனி வருத்தமோ? அது பிள்ளையளுக்கும் வருமெண்டு சொல்லுறாங்களே" என்றார். சாதகத்தை மடித்து மடியில் செருகினார். வாழைக்குலையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். "போகட்டும், அதிலையும் சீனிதான்" என்றாள் உன் அம்மா. இனிக் கொஞ்சக் காலத்துக்குத் தரகர் ஒருவரும் எங்கள் படலையைத் திறக்கமாட்டார். இப்போதைக்குக் கலியாணம் வேண்டாம் என்றுதானே நீயும் எழுதினாய்? அதற்காக எனக்கு நன்றி எழுதிக்கொண்டிருக்காதே.

இப்படி, வெளியே நடக்கவும் வழியில்லை, வீட்டில் இருக்கவும் வழியில்லை என்று நான் எரிச்சலோடு இருந்த நேரத்தில்தான் தை பிறந்து இறைப்புத் தொடங்கியது. எங்கள் முறை வந்த அன்று கூலியாள் வரவில்லை. கந்தையரின் மருமகன் மாத்திரம் துலாவில் ஏறி நிற்கிறான். புகையிலைக் கன்று வாடித் தலை தொங்குகிறது. நான் வரம்பில் நின்று கையைப் பிசைந்தேன். பட்டை பிடிக்கக் கீழே நின்ற கந்தையர் சிரித்துக்கொண்டு, "அண்ணை, ஊர் ஊராய்ச் சும்மா நடந்து திரியிறியள். உதிலை ஏறி நடந்தால் கண்டெண்டாலும் நனையுமே" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் சால்வையை வேலியில் போட்டுவிட்டு ஏறினேன். அவருடைய சிரிப்பு நின்றது. "ஐயோ அண்ணை, இறங்குங்கோ! தம்பிக்கு நான் என்ன மறுமொழி எழுதுறது?" நான் இறங்கவில்லை. மேலே போனதும் கால் நடுங்கியது, பொய் சொல்லமாட்டேன். துலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கக் கட்டியிருந்த மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் பாரத்துக்குப் பட்டை பறந்து மேலே வந்தது. "மெல்ல, மெல்ல! என்னைக் குளிப்பாட்டுறியளோ?" என்று கந்தையர் கீழே நனைந்துகொண்டு கத்தினார். "உங்கடை பாரத்துக்கு மற்ற ஆள் தேவையில்லை, அவனை இறங்கச் சொல்லுங்கோ!" கொஞ்ச நேரந்தான். மூச்சு முட்டி இறங்கி வாழைக்குக் கீழே படுத்துவிட்டேன். ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் மரத்தில் நடந்த நேரமெல்லாம் ஒழுங்கையால் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒருவராவது எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஒருவரும் தேத்தண்ணீர் குடிக்க வா என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அடுத்த முறைக்கும் ஏறினேன். அதற்கடுத்த முறைக்கும் ஏறினேன். கந்தையரின் முறைக்கும் போய் ஏறினேன். மலாயாக்காரன் தகப்பன் மரத்தில் நிற்கிறான் என்று சிலர் பேசத்தான் செய்தார்கள். "இது அப்போதிக்கரி தந்த மருந்து. போத்திலிலை வராது, ஏறித்தான் குடிக்க வேணும்" என்றேன். வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது உன் அம்மாவும் குரக்கனை வெளி அடுப்பிலேயே அவிக்கிறாள், வியாபாரியாருக்குச் சொன்ன பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? சீனி இல்லாத தேத்தண்ணீர் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்கும் என்று சொல்கிறவனை நம்பாதே. கோயிலில் மோதகம் கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்திருந்து உன் தங்கையிடம் கொடுக்கிறேன், அந்த நேரம் எனக்கு அவள் மேலும் கோபம் வருகிறது. ஆனால் புண் ஆறிவிட்டது. இடுப்பு இருக்கிற இடம் தெரிகிறது. போன கிழமை கந்தையர் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணை, முந்தி உங்கடை பாரமே போதும். இப்ப மெலிஞ்சு போனியள், பட்டை எழும்பப் பஞ்சிப்படுது" என்று குறை சொன்னார். எனக்கு இந்த வயதில் ஒருவரும் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே மறுமொழி இதுதான். தோட்டத்தைக் கொடுக்கமாட்டேன். கிணற்றுப் பங்கையும் கொடுக்கமாட்டேன். கந்தையருக்கும் சொல்லிவிட்டேன், அவருக்கு ஆறுதலாகப் போய்விட்டது. விழுந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். உன் அம்மா உனக்கு முன்னமே கேட்டுவிட்டாள். மரம் நனைந்திருந்தால் ஏறக் கூடாது, வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது, கால் நடுங்கினால் அந்த நேரமே இறங்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கெல்லாம் ஒத்துக்கொண்டேன். அவள் கிணற்றடியில் வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். நீ பார்க்காமல் சொன்னாய். ஏற முடியாத நாள் ஒன்று வரும், அது எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நானே இறங்கி, நானே உனக்கு எழுதுவேன். இப்போதுதான் எழுதத் தெரியுமே.

இன்னும் ஒன்று. நீ அனுப்பிய புதுப் படம் வந்தது. உன் அம்மா, "என்ரை பிள்ளை நல்ல செழிப்பாய் இருக்கிறான்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அதை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன். கோட்டின் பொத்தான் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டு நிற்கிறது. முகம் வீங்கியிருக்கிறது. மகனே, அது செழிப்பில்லை. கந்தோரில் கதிரை, வீட்டில் கதிரை, இடையில் றிக்சாவிலும் இருந்துதானே போகிறாய்? பிள்ளைகளுக்கும் வருமாமே என்று வியாபாரியார் கேட்டுவிட்டுப் போன கேள்வி என் நெஞ்சில் அன்றிலிருந்து கிடக்கிறது. உன் உத்தியோகத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வா என்று கட்டளை எழுத எனக்கும் இப்போது முடியும். எழுதவில்லை. அடுத்த தைக்கு லீவு எடுத்துக்கொண்டு, எங்கள் இறைப்பு முறைக்கு வந்து சேர். சப்பாத்தைக் கழற்று, கோட்டை வேலியில் போடு, என்னோடு ஏறு. மேலே போனதும் உனக்குக் கால் நடுங்கும், கொஞ்ச நேரத்தில் மூச்சும் வாங்கும். கந்தையர் கீழே நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், என் தோளைத் தொட்டால் போதும். எனக்கு இளைக்கிறது, கொஞ்சம் நிற்பாட்டுங்கள் என்று நான் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பு